பொம்மைக் கன்னத்தில் கைரேகை

விருதுநகரில் மேட்னி முடிந்து சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். அவர்களும் நான் பார்த்த பொம்மைப் படத்துக்குத்தான் வந்திருந்தார்கள்.

“மதினி, அந்த ராணி பொம்மை கன்னத்துல கைரேகை தெரிஞ்சுச்சு, பாத்தீகளா?”

“கம்ப்யூட்டர்ல செஞ்ச படத்துல ஏது கைரேகை?”

“கம்ப்யூட்டர் இல்ல மதினி. களிமண் பொம்மைய இம்புட்டு இம்புட்டா நகத்தி, ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து ஓட்டுறாகளாம். ராணி கொட்டாவி விடவே ஒரு நாள் ஆயிருக்கும்னு எம் மக சொன்னா.”

மதினி, கழுவியும் போகாத வெள்ளிப் பவுடர் மின்னும் தன் விரல்களைப் பார்த்தார்.

“என் ரேகை ரேஷன் கடை மிஷின்லயே விழ மாட்டேங்குது. பொம்மைய நகத்துனவுகளுக்கு சினிமாவுலயே விழுந்திருக்கு,” என்று சிரித்தார். “அடுத்த வாரம் உங்க அண்ணனையும் கூட்டிட்டு வரணும். கைவேலைக்கு எம்புட்டுப் பொறுமை வேணும்னு அவுகளும் பாக்கட்டும்.”