ஹெல்மெட்டில் ஒட்டாத நட்சத்திரம்

மூச்சுக்கு மூச்சு நம்மைத் தாங்கி நிற்கும் கர்த்தருக்கு முதல் ஸ்தோத்திரம்! கெளுத்தி மீன் வறுபடும் வாசனை மூக்கைத் துளைக்கும் வேளையிலும் பொறுமையோடு தலைமை தாங்கும் பாஸ்டர் ஹேய்ஸ் ஐயா அவர்களே! சபை மூப்பர்களே! வெள்ளைத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் சபைத் தாய்மார்களே! விசில் ஊதியே நம் பிள்ளைகளை வளர்த்த கோச் டூப்ரீ அவர்களே! முடியையும் வெட்டி, ஊர் வம்பையும் வெட்டி ஒட்டும் ஓட்டிஸ் அண்ணே! பெல்லோஸ் க்ரீக் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் எர்னஸ்டைனின் மாலை வணக்கம்!

“ரெண்டே வார்த்தை பேசும்மா” என்றார் பாஸ்டர். என்னைத் தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? என் தம்பி மகன் லாவெல் தலையால் முட்டினான் என்று அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்காரர்கள் அவனை ஆட விடாமல் ஒதுக்கி வைத்தார்களே, அது அநியாயம் என்று முழங்கக் கூடியிருக்கிறோம். தண்டனைக் காலம் முடிந்து வருகிற ஞாயிறு அவன் களமிறங்கப் போகிறான், வாழ்த்தி அனுப்பக் கூடியிருக்கிறோம். அதோ மேசையில் அவனுடைய பள்ளிக்கூடத்து ஹெல்மெட். அதன் பக்கத்தில் தங்க நட்சத்திர ஸ்டிக்கர். எதிராளி எழுந்திருக்க முடியாதபடி மோதியவனுக்கு நம் ஊர் கொடுக்கும் நட்சத்திரம். ஊர் பார்க்க அவனே தன் கையால் உரித்து ஒட்ட வேண்டும். அதுதானே வழக்கம்?

சற்று முன் இந்தத் திரையில் அந்த மோதலைக் காட்டினீர்கள். பந்தைப் பிடிக்க எகிறிய எதிரணி டெவன் பாஸ்வெல் தரையில் கால் ஊன்றுவதற்குள், நம் லாவெல் தலையைக் குனிந்து அம்பாகப் பாய்ந்து அவன் தாடையில் இடித்ததைக் காட்டினீர்கள். மெதுவாகக் காட்டினீர்கள், மேலும் மெதுவாகக் காட்டினீர்கள். “ஓ!” என்று கூரை அதிரக் கூவினீர்கள். விழுந்தவனைப் பார்த்தீர்களே, மோதியவனின் கழுத்தைப் பார்த்தீர்களா? கோழிக் கழுத்து மாதிரி மடங்கியதே, அதை ஒருவராவது பார்த்தீர்களா?

கோச் அவர்களே, என் வீட்டு முற்றத்தில் நின்று நீங்கள்தானே அவனுக்குக் கற்றுக் கொடுத்தீர்கள்! முகத்தை நிமிர்த்து. எதிரே வருபவனைக் கண்ணால் பார். தலையை ஓரமாக ஒதுக்கு. தோளை அவன் தொடையில் கொடு. கை இரண்டையும் கோத்துக் கட்டு. காலை நிறுத்தாமல் தள்ளு. ஓடி வருகிறவனை மடக்குவது என்றால் அதுதான் என்றீர்கள். நான் துணி காயப் போட்டுக்கொண்டே கேட்டு மனப்பாடமே செய்துவிட்டேன். தலை குனிவது ஜெபத்துக்கு. கர்த்தருக்கு முன்னால் குனி, காளை மாதிரி வருகிறவனுக்கு முன்னால் குனியாதே என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

“ஆமென்” சொல்றீங்களா தாய்மார்களே? அவசரப்படாதீங்க, இன்னும் இருக்கு.

கற்றுக் கொடுத்தது ஒன்று, கொண்டாடியது வேறு! தோள் கொடுத்து மடக்கியவனுக்கு என்றைக்காவது நட்சத்திரம் கொடுத்தோமா? தலை கொடுத்தவனுக்குத்தானே தந்தோம்!

போன வருஷம் ஒரு ஞாயிறு. டிவியில் எல்லோரும் பார்த்தோம். கோச் சொல்லிக் கொடுத்தபடியே லாவெல் ஒருவனை மடக்கினான். தொடையில் தோள், முதுகுக்குப் பின்னால் பூட்டிய கைகள். அப்படியே அலாக்காகச் சாய்த்தான். விழுந்தவன் எழுந்து, “நல்லா பிடிச்சேப்பா” என்று இவன் முதுகில் தட்டிவிட்டு ஓடினான். என் கண்ணுக்கு அது ஆராதனை மாதிரி இருந்தது. அந்த வாரம் ஊருக்கு வந்தவன் முடி வெட்டிக்கொள்ளப் போனான். ஓட்டிஸ் அண்ணே, என்ன சொல்லி வரவேற்றீங்க?

“வாய்யா மாப்பிள்ளை! ஞாயித்துக்கிழமை ஆடுனியா, இல்ல கல்யாணத்துல டான்ஸ் ஆடுனியா? அந்தப் பையனை அப்படிக் கட்டிப் பிடிச்சியே, முத்தம் குடுத்தியா இல்லியா?”

கடையே சிரித்தது. “பெரிய சம்பளம் வந்ததும் ஆளு பஞ்சு மிட்டாய் ஆயிட்டான்” என்றது இன்னொரு குரல். அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல மாட்டேன். அவர் இரண்டாம் தடவை மீன் வாங்கப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. “அத்தை, நம்ம ஊர்க்காரங்களுக்கு என்னைப் பிடிக்கலை போல” என்றான். அதற்கப்புறம்தான் அவன் தலை குனிய ஆரம்பித்தது. எந்த எதிரி அவனைக் குனிய வைத்தான்? எந்தத் தோல்வி குனிய வைத்தது? நாம் வைத்தோம்! நம் சிரிப்பு வைத்தது!

அந்த டெவனைப் பெற்றவள் எனக்குப் போன் செய்தாள். திட்டப் போகிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். அவள் கேட்டது என்ன தெரியுமா?

“அக்கா, உங்க பையன் கழுத்து எப்படி இருக்கு? அவன் விழுந்த விதம் எனக்குச் சரியாப் படலை.”

“உங்க பையன் எப்படிம்மா இருக்கான்?” என்றேன்.

“வெளிச்சத்தைப் பாத்தா அழறான்க்கா. அவன் பொண்ணு பேரையே கேட்டா யோசிச்சுச் சொல்றான்.”

அடிபட்டவனைப் பெற்றவள் அடித்தவனின் கழுத்துக்காகக் கண்ணீர் விட்டாள். இந்தச் சபை? டெவனுக்காக ஒரு ஜெபம் உண்டா? கைதட்டினோம், பதாகை கட்டினோம், மீன் வறுத்தோம்!

சரி. வழக்கத்தை மீற நான் யார்? லாவெல், வாப்பா மேசைக்கு. நட்சத்திரத்தை உரி. நீயே ஒட்டு.

பொறுங்க, யாரும் பேசாதீங்க. பிள்ளை உரிக்கட்டும்.

நகத்தால சுரண்டுப்பா. இன்னொரு தடவை. கீழ விழுந்துடுச்சா? எடுத்துக்கோ.

“விடுங்கம்மா, பையனுக்குக் கூச்சம். குடுடா, நான் ஒட்டி விடறேன்” என்கிறீர்களா கோச்? வேண்டாம். உட்காருங்கள். கூச்சம் இல்லை அது. அந்த விரல்களுக்கு உணர்ச்சி இல்லை! அந்த மோதலிலிருந்தே இல்லை. இன்று காலை அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது நான். “ஊர்ல தெரிஞ்சா கேவலம் அத்தை, டீம் டாக்டர்கிட்டயும் சொல்லலை, ஞாயித்துக்கிழமை சமாளிச்சிடுவேன்” என்று என்னிடம் கெஞ்சினான். இன்னொரு முறை தலையைக் குனிந்து மோதினால் கழுத்துக்குக் கீழே எதுவுமே அவனுக்கு மிஞ்சாது. சொல்லாதே என்று சத்தியம் கேட்டான். பீடத்துக்கு முன்னால் நின்று பொய் காக்க எனக்குத் தெரியாது.

என்னைக் கோபமாப் பாக்கறியா லாவெல்? பாரு. நல்லா நிமிர்ந்து பாரு. அப்படித்தான் பாக்கணும்.

என்ன சொல்றே? மைக்குக்குப் பக்கத்துல வந்து சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.

“கை மரத்துதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை நான் ஆடலை. வீட்டுக்குப் போலாம் அத்தை.”

கேட்டீர்களா? இப்போது யாரும் “ஓ” போடவில்லையே? ஓட்டிஸ் அண்ணே, கல்யாண டான்ஸ் என்று ஒரு வார்த்தை?

வாய்ப்பளித்த பாஸ்டருக்கு நன்றி. சமைத்த கைகளுக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. அந்த நட்சத்திரத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், என் வீட்டுக்கு வேண்டாம். போவதற்கு முன்னால் ஒருமுறையாவது டெவன் பாஸ்வெல் என்ற பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அதன்பின் வழக்கம் போலக் கைதட்டுங்கள். இரண்டு கையிலும் உணர்ச்சி இருக்கிறவர்களெல்லாம் நன்றாகத் தட்டுங்கள்.

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வணக்கம். வா லாவெல், கோட்டை நான் மாட்டி விடறேன்.