திரும்பி வந்தவனுக்கு ஒரு முட்டை

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் யாராவது இளித்தால் எழுந்து போய்விடுவேன். அப்புறம் இந்த ஆர்டென் காட்டு வழியில் தனியாக வீடு போய்ச் சேருவது உங்கள் பாடு.

இது என் சிநேகிதி ஜில்பெர்த்தின் அத்தைக்கு நடந்தது. அத்தையின் பெயர் ஃபெலிசி.

நேரம் இரவு பதினொன்றே கால். நாற்பத்து நான்காம் வருஷம், பிப்ரவரி. ஜெர்மானியர்கள் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம். மரம் அறுக்கிற ஆலைக்குப் போகும் சாலை இருக்கிறதே, அதில் கடைசி வீடு ஃபெலிசியுடையது. அதற்கப்புறம் காடுதான். முழங்கால் ஆழத்துக்குப் பனி. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை... அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்... சப். டொக்... சப்.

ஒரு காலில் பூட்ஸ். இன்னொரு காலில் பூட்ஸ் இல்லை. சத்தம் வாசலில் வந்து நின்றது. கதவில் மூன்று தட்டு.

ஃபெலிசிக்கு இது புதிதில்லை. ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்திய இங்கிலீஷ் விமானங்களிலிருந்து தப்பிய ஏழு பேர் அதற்கு முன் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஓர் இரவு பரணில் படுக்க வைத்து, மறுநாள் அடுத்த ஆளிடம் ஒப்படைப்பாள். அப்படியே கைமாறிக் கைமாறி ஸ்பெயின் வரைக்கும் போய், அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்துவிடுவார்கள். முதல் யுத்தத்தின்போது அகதியாக இங்கிலாந்து போய் நாலு வருஷம் பாத்திரம் தேய்த்தவள் அவள். ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். அதனால் வருகிறவன் நிஜமான விமானியா, ஜெர்மானியர்கள் அனுப்பிய வேஷக்காரனா என்று பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

அதற்கென்று, இந்த ரகசிய வேலையை நடத்துகிற மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. ‘குண்டு போட்டுவிட்டுத் திரும்பினால் உங்களுக்கு என்ன சாப்பாடு?’ அவ்வளவுதான் கேள்வி. பொரித்த முட்டை என்பது பதில். இங்கிலாந்திலும் முட்டைக்கு ரேஷன் இருந்த காலம். உயிரோடு திரும்பி வந்தவனுக்குத் தட்டில் ஒரு முட்டை வைப்பார்களாம். ஏழு பேரும் கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்கள். ஒருத்தன் வயிற்றைத் தடவிக்கூடக் காட்டினான்.

எட்டாவதாக வந்தவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். லெஸ்லி என்று பெயர் சொன்னான். குதித்த வேகத்தில் ஒரு பூட்ஸ் கழன்று போயிருந்தது. அந்தக் காலில் பாராசூட் துணியைச் சுற்றியிருந்தான். அவன் மேல் கருகிய எண்ணெய் வாடை, நனைந்த கம்பளி வாடை. அடுப்பைப் பார்த்தான், அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபெலிசியின் தம்பி தெசிரே, அதாவது ஜில்பெர்த்தின் அப்பா, கதவருகே துப்பாக்கியோடு நின்றார். அவரைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்து ஊரில் போன மாதம்தான் இதே மாதிரி ஒருத்தன் வந்தான். ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டான், நன்றி சொன்னான், போனான். மறுநாள் விடியற்காலையில் ஜெர்மானியர்களின் லாரி வந்தது. கிழவன், மருமகள், கைக்குழந்தை என்று ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை.

ஃபெலிசி கேள்வியைக் கேட்டாள்.

பையன் விழித்தான். யோசித்தான். உதட்டை நனைத்துக்கொண்டான்.

“தெரியலம்மா.”

மறுபடி கேட்டாள். அதே பதில்தான்.

“என்னக்கா சொல்றான்?” என்றார் தெசிரே.

“தெரியலங்கிறான்.”

தெசிரே துப்பாக்கியைத் தூக்கினார். என் வீட்டில் ரத்தம் சிந்தக் கூடாது என்று ஃபெலிசி தடுத்தாள். கடைசியில் அவனை வெளியே தள்ளி, ஆலைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தாழைப் போட்டார்கள். டொக்... சப்... சத்தம் தூரமாகப் போனது. அரை மணி கழித்துத் திரும்பி வந்தது. மூன்று தட்டு. யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மூன்று, மெதுவாக. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

காலையில் அவனை வீட்டுக்குப் பின்புறம் கண்டெடுத்தார்கள். ரொட்டி அடுப்பின் வெளிச்சுவர் இருக்கிறதே, முந்தின நாள் சுட்ட சூடு செங்கல்லில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்... அதில் கன்னத்தை ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி, சுருண்டு கிடந்தான். விறைத்துப் போயிருந்தான்.

வேஷக்காரன் ஒருத்தன் ஒழிந்தான் என்று ஊர் பெருமூச்சு விட்டது. ஃபெலிசியும்தான்.

ஐந்து வாரம் கழித்து இன்னொருத்தன் வந்தான். கால் முறிந்து ஒரு விறகுவெட்டியின் குடிசையில் அதுவரை கிடந்தவன். கேள்வியைக் கேட்டதும் சிரித்தான். முட்டை என்றான். ஃபெலிசி நிஜமாகவே ஒரு முட்டை பொரித்து வைத்தாள். ரொட்டியால் தட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டான்: எங்கள் விமானத்திலிருந்து வேறு யாராவது இந்தப் பக்கம் வந்தார்களா? வாலில் உட்கார்ந்து சுடுகிற பையன் குதித்ததைப் பார்த்தேன். லெஸ்லி என்று பெயர். அங்கே வழக்கமாக உட்காருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று மத்தியானம்தான் அவனைச் சேர்த்தார்கள். பாவம், அதுதான் அவனுக்கு முதல் பயணம்.

முதல் பயணம்... திரும்பி வந்தால் என்ன கொடுப்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லையே.

ஃபெலிசி நேரே பின்புறம் போய், ரொட்டி அடுப்புச் சுவரோரம் நின்றாள். அன்றிலிருந்து அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். “ஏன் தெரியாதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்த.”

அடுத்த வருஷம், அதே இரவு, பதினொன்றே கால். டொக்... சப். டொக்... சப். மூன்று தட்டு.

கதவிடுக்கு வழியாகக் கருகிய எண்ணெய் வாடை வந்தது. ஃபெலிசி ஓடிப்போய்த் திறந்தாள். யாருமில்லை. பனி ஒரு காலடித் தடமும் இல்லாமல் அப்படியே இருந்தது.

அதற்கடுத்த வருஷம் கதவைத் திறந்தே வைத்தாள். வாணலியில் முட்டை பொரித்துக்கொண்டு விடியும்வரை குளிரில் உட்கார்ந்திருந்தாள். அவன் வரவில்லை. அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. தாழ் போட்டால்தான் வருவான். கேள்வி கேட்டால்தான் பேசுவான். அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டுமானால், அன்றைக்குச் செய்த பாவத்தை அவள் அப்படியே மறுபடியும் செய்தாக வேண்டும்.

செய்தாள். முப்பத்தொரு வருஷம் செய்தாள். தாழ் போடுவாள், கேட்பாள், “தெரியலம்மா” என்று வரும். உள்ளேயிருந்து கத்துவாள், “முட்டைன்னு சொல்லுப்பா, சொல்லிடு” என்று. காலடி ஆலைப் பக்கம் போகும். திரும்பி வரும். தட்டும். அவள் திறந்தால் வெறும் பனி இருக்கும். தெசிரே சாகும் மட்டும் அந்த ஒரு ராத்திரி பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்.

கடைசி வருஷம் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஜில்பெர்த் துணைக்குப் படுத்திருந்தாள், மாடியில். பதினொன்றே காலுக்கு அவளும் கேட்டாள். மூன்று தட்டு. நாற்பது வயதுப் பெண், போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஜில்பெர்த்துக்கு ஓரளவு இங்கிலீஷ் தெரியும்.

அத்தை கேள்வியைக் கேட்டாள்.

“தெரியலம்மா.”

கீழே அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. அப்புறம் அத்தையின் குரல் கேட்டது, ரொம்பத் தணிவாக.

“ஏம்ப்பா தெரியல?”

அத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. முட்டை, முட்டை என்று பதிலைச் சொல்லிக் கொடுத்தாளே தவிர, இதைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

“இதுதாம்மா முதல் தடவ... நான் இன்னும் திரும்பிப் போகல.”

“உள்ள வாப்பா,” என்றாள் ஃபெலிசி.

தாழ் விலகியது. டொக்... சப்... டொக்... சப்... இந்தத் தடவை சமையலறைத் தரையில். நாற்காலி ஒன்று இழுபட்டது. வாணலியில் சுர்ரென்று ஏதோ பொரிந்தது. வெண்ணெய் வாசனை மாடிவரை ஏறி வந்தது. அத்தை அழுவதும் கேட்டது. ஜில்பெர்த் இறங்கிப் போகவில்லை. நீங்களாக இருந்தால் போயிருப்பீர்களா?

விடிந்ததும் வந்து பார்த்தாள். சமையலறை கதகதப்பாக இருந்தது. மேஜை மேல் ஒரு தட்டு, ரொட்டியால் வழித்துத் துடைத்த தட்டு. அத்தையைக் காணோம்.

வீட்டுக்குப் பின்புறம்தான் கிடைத்தாள். ரொட்டி அடுப்பின் சுவரோரம், கன்னத்தைச் செங்கல்லில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி, சுருண்டு கிடந்தாள். விறைத்துப் போயிருந்தாள். அவளுடைய கம்பளிச் சால்வை வீட்டுக்குள், அந்த நாற்காலியின் முதுகில் இருந்தது, இப்போதுதான் யாரோ தோளிலிருந்து கழற்றிப் போட்ட மாதிரி. கருகிய எண்ணெய் வாடை இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்பாள் ஜில்பெர்த். அந்த வீட்டுக்கு ஒரே வாசல். அத்தையைத் தேடிக் காலையில் வெளியே போகும்போது, உள்பக்கம் போட்டபடியே இருந்த தாழை ஜில்பெர்த்தான் திறந்துகொண்டு போனாள்.