கல்லறையில் மாப்பிள்ளை

அறுபதுகளின் தொடக்கம். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று திருச்சி டாக்டர் சொன்ன பிறகும் அதன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு அம்மாளும் அவருடைய மகளும் பூவும் பழமுமாக இருந்தார்கள்.

“தம்பி கல்லறையில படுத்திருக்கான்மா” என்றாள் மகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்னிக்குப் பொண்ணு பார்க்கப் போறோம்னு அவனுக்குத் தெரியாதாடி?”

“தெரியும்மா. ஏதோ பழைய வெள்ளைக்காரன் கல்லறையாம். எழுத்தெல்லாம் தேஞ்சுபோய், படுத்துப் பார்த்தாத்தான் தெரியுதாம். அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கிறேன்னான்.”

“பேப்பர்காரன்னா நேத்து செத்தவனைப் பத்தி எழுதணும். இவன் இருநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவனுக்குத் துக்கம் விசாரிக்கிறான். பொண்ணு வீட்ல தெரிஞ்சா இந்த இடமும் போச்சு!”

அடுத்த நிறுத்தத்தில், சட்டையெல்லாம் மண்ணும் சருகுமாக ஓர் இளைஞர் ஏறினார்.

“அம்மா, ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்! நம்ம ஊர் சரித்திரத்துல இவனை யாருமே எழுதலை!”

“முதல்ல சட்டையைத் தட்டுடா. கல்லறைக்குப் போனதைப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே.”

“அதெப்படிம்மா? கல்லறை எங்கே இருக்குன்னு சொன்னதே அவதான். போன வாரம், லைப்ரரியில.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“போன வாரமா? அப்ப இன்னிக்கு எதுக்குடா பொண்ணு பார்க்கப் போறோம்?”

“நீ இன்னும் பார்க்கலியேம்மா.”