நாற்பத்தொன்றாம் குழியின் ஜாடி

உங்கள் அலுவலகத் தேநீரில் சர்க்கரை போதாது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் குஃப்தில் கரண்டியை நட்டால் நிற்கிற அளவுக்குப் போடுவோம். பழக்கதோஷம்.

நான் தச்சன் அப்துல் ஸாஹிரை மீட்க வந்திருக்கிறேன் என்று உங்கள் எழுத்தர் நினைத்துக்கொண்டார். முட்டுப்பலகை கொடுக்காததால் அகழாய்வுக் குழியில் மண்சுவர் சரிந்து, வேலையை நடத்திய டாக்டர் ராவியா இறந்தார் என்று அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் வெளியே வந்தால் எனக்கும் சந்தோஷம்தான், நல்ல வேலைக்காரன். ஆனால் நான் வந்தது அதற்கில்லை. கெய்ரோவிலிருந்து வந்த பொறியாளர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தப்பு. நான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. "சுவரில் இருந்த ஈரத்தையும் விரிசலையும் ரயீஸ் ஷாத்லி கவனிக்கத் தவறிவிட்டார்." அந்த ஷாத்லி நான்தான். அந்த வரியைத் திருத்திக் கொடுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

அந்தப் பொறியாளர் பளபளக்கும் செருப்போடு வந்து, குழிக்குள் இறங்காமலே நாலு படம் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு என்ன தெரியும்? நான்கு தலைமுறையாக நாங்கள் அகழாய்வுக் குழிகளில்தான் வாழ்கிறோம். டெல்டாவிலிருந்து அஸ்வான் வரை எந்தத் தேசத்துப் பேராசிரியர் வந்தாலும் முதலில் குஃப்துக்குத்தான் ஆள் அனுப்புவார். ஆற்று வண்டலா, காற்று மணலா, ஐயாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தோண்டி மூடிய மண்ணா என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் உள்ளங்கையால் சொல்லிவிடுவேன். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. காலையில் ரயீஸ், அதாவது தலைமை மேஸ்திரி, முதலில் குழிக்குள் இறங்குவார். சுவரில் கை வைத்துப் பார்ப்பார். "பிஸ்மில்லாஹ், இறங்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். பேராசிரியர் ஆனாலும் அப்படித்தான். அந்தச் சொல்லை நம்பி நாற்பது பேர் தினமும் மண்ணுக்கடியில் போகிறார்கள். அப்படிப்பட்டவனைப் பற்றித் "தவறிவிட்டார்" என்று எழுதினால், நாளைக்கு என் மகனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், நகாடாவுக்குத் தெற்கே, இப்போது சுவர் சரிந்த அதே மேட்டில், நான் முதல்முறையாக ரயீஸாக நின்றேன். என் அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாற்பத்தொன்றாம் குழியைத் திறந்தோம். செங்கல் வரிசை, பாய், மரப் பெட்டியின் தூள். அந்த மேட்டிலேயே பெரிய கல்லறை. ஒரு தலைவனுக்கு வெட்டியது என்று பார்த்ததும் தெரிந்தது. பேராசிரியர் ஹோல்ஸ்ட் விளிம்பில் குந்தி உட்கார்ந்து மூன்று நாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் காலத்திலேயே திருடன் துடைத்து எடுத்துப் போயிருந்தான். ஆட்கள் வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். "அப்பன் கை ராசியெல்லாம் அப்பனோட போச்சு" என்று ஒருவன் என் காதுபடச் சொன்னான்.

பக்கத்துக் குழி நூற்றுப்பன்னிரண்டு. அது இருநூறு வருஷம் பிந்தியது, யாரோ ஒரு சாமானியனுடையது. அதன் மூலையில் ஒரு ஜாடி நின்றது, தோளில் பருந்து ஒன்று கீறப்பட்ட ஜாடி. பிற்காலத்தில் அரசர்கள் தங்கள் பெயருக்கு மேலே வைத்துக்கொண்ட அதே பருந்து. அது யாருமில்லாதவனின் காலடியில் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பேராசிரியர் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது அதை எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே, நாற்பத்தொன்றாம் குழியில், வைத்தேன். தூக்கும்போது அடியில் ஒரு சில்லு உடைந்தது. நான் கவனித்தேன், தேட நேரமில்லை. நூற்றுப்பன்னிரண்டில் பாதியைத் தோண்டாமல் விட்டு, மண் அடுக்கைப் பார்க்க விடுகிற குறுக்குச்சுவர் என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். அரசாட்சி இந்த மண்ணில்தான் முதலில் முளைத்தது, எல்லாரும் நினைத்ததைவிட இருநூறு வருஷம் முன்பே என்று பேராசிரியர் எழுதினார். ஜாடி அருங்காட்சியகத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அதன் படம் இருக்கிறது, பக்கத்தில் தலைப்பாகையோடு நிற்பவன் நான். குஃப்தில் என்னை ஜாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகளுக்கு மாப்பிள்ளை வந்ததுகூட அந்தப் பெயரை வைத்துத்தான்.

டாக்டர் ராவியா ஸோஹாக் ஊர்க்காரர். மூன்று பருவம் என்னோடு வேலை செய்தார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் பொங்கவைத்துச் சுடும் ரொட்டியையும் உப்புப் பாலாடைக்கட்டியையும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். தெற்கத்திக்காரர்களான ஸயீதிகளைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளை எங்களைவிட நன்றாகச் சொல்வார். முட்டுக்கொடுக்கும் கணக்குக்குப் பொறியாளர் வேண்டுமா என்று மேலிடம் கேட்டதற்கு, "ரயீஸ் கை வெச்சா போதும், எனக்கு வேற ஆளு வேண்டாம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்தப் பருவம் அவர் நூற்றுப்பன்னிரண்டின் மிச்சத்தைத் திறந்தார். மேலே பழைய குழிகளில் அள்ளிய மண் கொட்டிக் கிடந்ததால் குறுக்குச்சுவர் இரண்டு ஆள் உயரம். ஒரு சனிக்கிழமை, அதன் அடியில், தரையில் வட்டமாக ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தார். ஏதோ ஒரு பாத்திரம் ஆயிரக்கணக்கான வருஷம் நின்று அழுத்திய தடம். பாத்திரத்தைக் காணோம். "இது எங்க ரயீஸ் போச்சு?" என்று கேட்டார். "திருடனுங்கம்மா" என்றேன்.

அன்று பிற்பகல் தண்ணீர்ப் பானையை இடம் மாற்றச் சொன்னேன். ஆட்கள் குடிக்கிற பெரிய மண்பானை, தாங்கியோடு நிற்பது. அதைச் சுவரின் தலைமேட்டில், பாய்ப்பந்தலின் நிழலில் வைக்கச் சொன்னேன். வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் பக்கத்தில் இருப்பது நல்லது. மண்பானை கசியும் என்பது எல்லாருக்கும் தெரியும். சொட்டுச் சொட்டாகத்தான் கசியும், பன்னிரண்டு நாளில் அது எவ்வளவு தூரம் இறங்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, என்னைப் பந்தலுக்குக் கூப்பிட்டார்.

"ரயீஸ், உக்காருங்க. நின்னுக்கிட்டு கேக்கற விஷயமில்ல."

"நான் நின்னாத்தான் இவனுங்க வேலை செய்வானுங்க. சொல்லும்மா."

"ஜாடி நாப்பத்தொண்ணுல இல்ல. இங்கதான் இருந்திருக்கு."

"யாரு சொன்னது?"

"அடிச் சில்லு சொல்லுது. சுவத்துக்குக் கீழ, தெக்கு மூலையில மாட்டிக்கிட்டுக் கெடக்கு. அருங்காட்சியகத்துப் படத்தோட வெச்சுப் பாத்தேன், ஓரம் அப்படியே பொருந்துது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களக் காட்டிக்குடுக்க வரல ரயீஸ். யாருக்கும் இன்னும் சொல்லல. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. அப்பா செத்த நேரம், பயந்துட்டேன், எடம் மாத்திட்டேன்னு ரெண்டு வரி. யாரும் உங்கள ஒண்ணும் செய்யமாட்டாங்க."

"செஞ்சா?"

"செஞ்சா என்னத் தாண்டித்தான் செய்யணும். ஸோஹாக்காரிய நம்பலாம், நாங்க குஃப்துக்காரங்க மாதிரி இல்ல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வியாழக்கிழமை பத்து மணிக்குத் தொல்லியல் துறை ஆய்வாளர் வருகிறார், அவர் முன்னால் சில்லை எடுக்கலாம், அதற்குள் எழுதிவிடுங்கள் என்றார். சரி என்றேன். இருபத்தாறு வருஷத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்கிறார், அதுவும் அன்பாக. கோபப்படக்கூட வழியில்லை.

செவ்வாய்க்கிழமை அப்துல் ஸாஹிர் என்னிடம் வந்தான். "ரயீஸ், அந்தச் சுவத்துக்குப் பலக குடுக்கட்டுமா? பாக்கவே சரியில்ல." சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் பேச்சுக்கு மறுபேச்சு அவனுக்குப் பழக்கமில்லை. புதன்கிழமை சுவரின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு சாண் உள்ளே விரிசல் விட்டிருந்தது, தலைமுடி அளவு. பந்தலின் பாய் ஓரத்தை இழுத்து அதன் மேல் விட்டேன்.

பொறியாளருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கும்வரை மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கனத்துப் போயிருந்தாலும் நிற்கும். வெயில் பட்டுச் சுவர்முகம் உலரத் தொடங்கினால்தான் பிடியை விடும். ஆகவே வியாழக்கிழமை விடிந்ததும் பானையை அகற்றி, பந்தலையும் பிரித்துவிட்டேன். விரிசல் மேல் கிடந்த பாயை மட்டும் எடுக்கவில்லை. பிப்ரவரி வெயில் எட்டரைக்கு அந்தச் சுவரில் ஏறும். ஒன்பதரை வாக்கில் விழும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் குழியில் வேலை செய்த இருவரை முப்பதாம் குழிக்கு அனுப்பினேன். அவர்கள் குடும்பஸ்தர்கள்.

ஒன்பது மணிக்கு, காலை உணவு முடிந்ததும், நான் முதலில் இறங்கினேன். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மண்ணின் மேல்தோல் காய்ந்திருந்தது, உள்ளே குளிர்ச்சி. அவர் விளிம்பில் தூரிகையோடு காத்துக்கொண்டிருந்தார். மற்ற படித்தவர்களைப் போல அவசரப்பட்டுத் தானாக இறங்கமாட்டார்.

"என்ன ரயீஸ், இன்னிக்கு இவ்வளவு நேரம் தடவிக்கிட்டே இருக்கீங்க? சுவத்துக்கிட்ட சம்பந்தம் பேசறீங்களா?"

"பிஸ்மில்லாஹ்," என்றேன். "இறங்கும்மா."

இறங்கினார். நான் மேலே ஏறிவிட்டேன். அவர் தொப்பியை வடக்கு மூலையில் கழற்றி வைத்துவிட்டு, தெற்கு மூலைக்குப் போய்ப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்துச் சில்லைத் துடைக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை குரல் கொடுத்தார். "எழுதிட்டீங்களா ரயீஸ்?"

"எழுதிக்கிட்டுதாம்மா இருக்கேன்."

சுவர் ஒன்பது முப்பத்தைந்துக்கு விழுந்தது. ஐந்து நிமிஷம் பிசகு.

சத்தம் பெரிதாக இல்லை. ஒன்பது பேர் மண்வெட்டியோடு பாய்ந்து வந்தார்கள். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். "மண்வெட்டி வேண்டாம். தலையில பட்டுடும். கையாலயும் கரண்டியாலயும் மட்டும். மெதுவா." அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முறை அது, எலும்பு இருக்கும் இடத்தில் அவசரம் கூடாது. வடக்கு மூலையில், தொப்பி தெரிந்த இடத்தில், தொடங்கச் சொன்னேன். அப்துல் ஸாஹிர் மட்டும் கத்தினான். "ரயீஸ், அவங்க தெக்கால இருந்தாங்க! நான் பாத்தேன்!"

"குழியப் பாத்துக்கிட்டு இருந்தது நீயா நானா?" என்றேன்.

அவன் அழுதுகொண்டே வடக்கில் தோண்டினான். நாற்பது பேரில் ஒருவன்கூடத் தெற்குப் பக்கம் போகவில்லை. நான் சொன்ன இடத்தில்தான் எல்லாம் கிடைக்கும் என்று இருபத்தாறு வருஷமாக நம்புகிறவர்கள். மண்ணுக்கடியில் முகத்துக்கு முன்னால் இரண்டு கை அகல இடைவெளி இருந்தால் ஒரு ஆள் பத்து, பன்னிரண்டு நிமிஷம் தாங்குவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இருபத்திரண்டு நிமிஷம் கழித்துத் தெற்குப் பக்கம் வரச் சொன்னேன்.

முகத்தை நானே திறந்தேன், சிறிய தூரிகையால். இடப்பக்கம் ஒருக்களித்து, தலை தெற்கே, முகம் மேற்கே, முழங்கால்கள் மடங்கி, இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால். அந்த மேட்டில் நான் திறந்த நூற்றுக்கணக்கான பழையவர்கள் எல்லாரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள். கண் கலங்கியது உண்மை. வலது கைக்குள் சில்லு இருந்தது. விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான், ஐயா. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே. தச்சனை விட்டுவிடுங்கள். என் பெயரில் கொலை என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஈரத்தை வைத்தவன் அவன், விரிசலைப் பார்த்தவன் அவன், விழும் நேரத்தைக்கூட ஐந்து நிமிஷத்துக்குள் சொன்னவன் அவன் என்று தெளிவாக எழுதுங்கள். ஷாத்லி மண்ணைப் பற்றி ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஜாடி விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம். அது படித்தவர்கள் சமாசாரம், வழக்குக்குத் தேவையில்லாதது. நீங்கள் எழுதினாலும் எடுபடாது. அன்று பிற்பகல், எல்லாரும் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஓடியபோது, சில்லை நாற்பத்தொன்றாம் குழியில் ஒரு சாண் ஆழத்தில் வைத்து, மண்ணை அழுத்தி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்திவிட்டு வந்தேன். அடுத்த பருவம் யாராவது துடைக்கும்போது கிடைக்கும். ஜாடி அங்கேதான் இருந்தது என்று அப்போது உங்களுக்கே தெரியும்.