பயணிகளுக்கு ஆபத்து இல்லை

நீங்கள் வாங்கிக் கொடுத்த காப்பி நன்றாக இருந்தது, ஐயா. உடன்குடிக் கருப்பட்டியாகத்தான் இருக்கும். வேறு ஊர்க் கருப்பட்டியில் இந்த வாசனை வராது. நான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று ஏட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. வீம்புக்குப் பட்டினி கிடக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். சத்தம் போடவோ கையை ஓங்கவோ எனக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் எஸ்றா அமைதியான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

ஊர் நாசரேத் பக்கம். அப்பா வாத்தியார். நான் தொழிற்பள்ளியில் என்ஜின் வேலை படித்துவிட்டுப் பதினேழு வருஷம் இந்தத் துறைமுகத்தில் படகு என்ஜின்களோடு கிடந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆங்கிலம் வாசிக்கவும் பேசவும் வரும் என்பதால் எழுபத்து நான்கில் அந்த மெட்ராஸ் கம்பெனி என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வெளிநாட்டுக்காரர்களையும் பம்பாய்ப் பணக்காரர்களையும் படகில் ஏற்றி, வான் தீவுக்கு அப்பால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைக் காட்டுவது அவர்கள் தொழில். அந்தத் திட்டுகளைப் பார் என்று சொல்வோம். ஒரு காலத்தில் முத்துச் சிப்பி எடுத்த இடங்கள்.

மெஷின் என் பொறுப்பு. பெட்ரோல் என்ஜின் ஒன்று, அதோடு சேர்ந்த காற்றுப் பம்பு ஒன்று. மேலே காற்றை இழுத்து நீளமான ரப்பர் குழாய் வழியாகக் கீழே அனுப்பும். முங்கியிருப்பவர் குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விடுவார். இடுப்பில் ஒரு கயிறு. ஒரு தரம் இழுத்தால் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நாலு தரம் இழுத்தால் தூக்கு என்று அர்த்தம்.

பயணிகளோடு கடலில் இறங்கி வழிகாட்டுகிறவன் கித்தேரியான். சங்கு குளித்துப் பழகியவன். எனக்கு இந்த ஊரில் ஒரு சிநேகிதன் இருந்தான் என்றால் அவன்தான். மதியச் சோறு பெரும்பாலும் அவன் வீட்டில். அவன் மனைவி பிலோமினா எனக்கென்று மீன்குழம்பில் உறைப்பைக் குறைத்து வைப்பாள். குடிப்பதில்லை என்று மாதா கோயிலில் நேர்ந்துகொண்டு பன்னிரண்டு வருஷம் அதைக் காப்பாற்றியவன் அவன். வெற்றிலைகூடப் போட மாட்டான்.

கம்பெனிக்கு வரும் கடிதங்களை மேனேஜர் வெள்ளத்துரை அண்ணாச்சி என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி. அந்த இடம் பாதுகாப்பானதா? சுறா உண்டா, குடிதண்ணீர் எப்படி, ஆஸ்பத்திரி எத்தனை மைல், ஜனங்கள் நல்லவர்களா? ஒருநாள் நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த கித்தேரியான் சிரித்தான்.

"நாம தெனமும் உள்ள போயிட்டு வாரோம். நமக்குப் பயமா இருக்கான்னு ஒருத்தனும் கேக்கலியே எஸ்றா" என்றான்.

போன வருஷம் பிப்ரவரியில் அவன் இறந்தான். பம்பாயிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர்களை இறக்குவதற்கு முன்னால் நீரோட்டம் பார்த்துவர இவன் முதலில் இறங்கினான். இருபது நிமிஷம் கழித்துத் தானாக மேலே வந்து படகின் ஓரத்தைப் பிடித்தான். நாக்குக் குழறியது. காரணமில்லாமல் சிரித்தான். என்னைச் செத்துப்போன அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கையை விட்டுவிட்டான். கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போட்டபோது மூச்சு இல்லை. உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருந்தது.

உடலைக் கீற வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் வேண்டாம் என்றேன். அன்று மாலையே அடக்கம் முடிந்தது. நாலாம் நாள் ஒரு அதிகாரி வந்தார், அரை மணி நேரம் இருந்தார். அவர் எழுதிய அறிக்கை மூன்றே வரி. உள்ளூர்த் தொழிலாளி குடிபோதையில் கடலில் இறங்கியதால் நேர்ந்த மரணம். இயந்திரத்தில் குறை இல்லை. பயணிகளுக்கு ஆபத்து இல்லை.

அந்த மூன்று வரியைக் கம்பெனி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கேள்வி கேட்டு எழுதிய அத்தனை பேருக்கும் அனுப்பியது. உறையில் போட்டு ஒட்டியவன் நான். நாற்பத்தொரு உறை. ஒவ்வொன்றிலும் கித்தேரியான் குடிகாரனாகப் போனான், லண்டனுக்கும் பாரிசுக்கும் சிட்னிக்கும். தன் ஊரைத் தாண்டி மதுரைகூடப் பார்க்காத மனுஷன்.

உங்களுக்குக் கோபம் வராதா, ஐயா? ஒரு வெள்ளைக்காரன் தயங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நல்லவனின் பெயரைச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். அடுத்த வாரமே படகு போனது. பயணிகள் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். கித்தேரியான் கவ்வியிருந்த குழாயின் முனையை வெந்நீரில் கழுவி அவர்கள் வாயில் கொடுத்தேன்.

அவன் மூத்த மகளுக்குத் தருவைகுளத்தில் பேசி முடித்திருந்தார்கள். குடிகாரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நான் போயிருந்தபோது பிலோமினா அழவில்லை. மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவுக அன்னைக்குக் குடிச்சிருந்தாவளா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"நீங்க பக்கத்துல இருந்தீக. வெத்தல போடாத மனுசனுக்கு ஒதடு ஏன் அப்பிடிச் செவந்து கெடந்துச்சு?"

"தெரியலம்மா."

"பெறவு யாரு அப்பிடி எழுதச் சொன்னது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிடவில்லை.

மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினேன். மூன்றும் என் பெட்டியில் இருக்கின்றன, நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். தபாலில் சேர்க்கவில்லை. அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். உள்ளூர்க்காரன் செத்தால் மூன்று வரி. அதுவே ஒரு வெள்ளைக்காரர் செத்தால்? அவர் குடித்திருந்தார் என்று எழுத ஒருவனுக்கும் துணிச்சல் வராது. தூதரகம் கேட்கும். பெரிய டாக்டர்கள் பார்ப்பார்கள். அப்போது மெஷினைப் பிரிப்பார்கள், உண்மை வெளியே வரும், கித்தேரியான் பெயரும் அதோடு சுத்தமாகும். இதை நான் ஆத்திரத்தில் யோசிக்கவில்லை. பல மாதம், தினமும் என்ஜினைத் துடைத்துக்கொண்டே நிதானமாக யோசித்தேன். யோசித்துப் பார்த்தால் இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குப் படவில்லை.

இந்த ஜனவரியில் லார்ஸ் வந்தார். ஸ்வீடன் நாட்டுக்காரர், முப்பது வயதிருக்கும். ஊர் ஊராகப் போய், எந்த இடம் பயணிகளுக்கு நல்லது, எந்த இடம் ஆகாது என்று புத்தகம் எழுதுகிறவர். மற்றவர்கள் கடிதத்தில் கேட்டதை இவர் நேரில் வந்து கேட்டார். குழாயை முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் தானே போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய இடத்துப் பிள்ளை போலிருந்தாலும் எங்களோடு உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். நல்ல மனிதர். அதை நான் மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் படகுத்துறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன வருஷம் இறந்தவர் குடித்திருந்தார் என்று மேனேஜர் சொல்கிறார், நீங்கள் அவருடைய நண்பராமே, நீங்கள் நம்புகிறீர்களா என்று கேட்டார். ஒரு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட அந்நியர் அவர் ஒருவர்தான்.

அவன் குடிக்க மாட்டான் என்றேன்.

"அப்படியானால் எதனால் இறந்தார்?"

"எனக்குத் தெரியாது."

"அது தெரியாமல் இந்த இடம் பாதுகாப்பானது என்று நான் எழுத முடியாது. நாளைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து மெஷினைப் பார்ப்போம். அவர்மேல் பழி இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதுவேன்."

மறுநாள் காலை படகில் வைத்து மெஷினைக் காட்டினேன். கெட்டிக்காரர். ஐந்தே நிமிஷத்தில் சரியான இடத்தில் விரலை வைத்தார். என்ஜின் புகை ஒரு பக்கம் வெளியே போகிறது, காற்று இழுக்கும் குழாய் இன்னொரு பக்கம் இருக்கிறது. படகை முன்னும் பின்னும் நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கும்போது காற்றின் திசை மாறினால் புகை இந்தக் குழாய்க்குள் போகாதா என்றார். போகும், அதனால் காற்று மாறினால் குழாயை நான் மாற்றி வைப்பேன் என்றேன்.

"அன்றைக்கு மாற்றி வைத்தீர்களா?"

நேரமாகிறது, வெயில் ஏறினால் தண்ணீர் கலங்கிவிடும் என்று சொன்னேன். இறங்குவதற்கு முன்னால் அவர் என் முகத்தைப் பார்த்து, இன்று பாதுகாப்புதானே என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

கயிறு பிடிக்க வேண்டியவன் அய்யாக்குட்டி. அவனை முன்பக்கம் போய்ச் சோறு பொங்கச் சொல்லிவிட்டுக் கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். அவனுக்கு இதில் சம்பந்தமில்லை, அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். லார்ஸ் கீழே போய்ச் சேர்ந்ததும் காற்று இழுக்கும் குழாயை எடுத்துப் புகை வரும் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். நெருக்கி வைத்தால் வாசனை தெரிந்துவிடும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டாம் நிமிஷம் ஒரு தரம் இழுத்தார். சுகம். நானும் ஒரு தரம் இழுத்துப் பதில் சொன்னேன். பதினான்காம் நிமிஷம் நாலு தரம் இழுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி நாலு தரம். இரண்டாவது தரம் பலமில்லை. அப்புறம் கயிறு சும்மா இருந்தது. இருபதாம் நிமிஷம் குழாயைப் பழையபடி நல்ல காற்றில் வைத்துவிட்டு அய்யாக்குட்டியைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகத் தூக்கினோம். உதடு சிவந்திருந்தது.

நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது, ஐயா. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் புகை என்றார். ஒன்பது நாளில் மெஷினைப் பிரித்தார்கள், கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள், பேப்பரில் போட்டார்கள். கித்தேரியானுக்கு அரை மணி நேரம், இவருக்கு ஒன்பது நாள். நான் பிலோமினா வீட்டுக்குப் போய், உன் புருஷன் குடிக்கவில்லை, புகையால்தான் செத்தான், இனி ஊரே ஒத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மிசினு உங்க கையிலதான அண்ணாச்சி இருந்துச்சு" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் ஆறுமுகநயினார் இன்ஸ்பெக்டர், நல்ல மனிதர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேற்றிலிருந்து அடிக்காமல், வையாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "இருவது நிமிசம்னு உமக்கு எப்படி வே தெரியும்? ஒரு முழம்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டது. போன பிப்ரவரியில் காற்று காலையில் வாடையாகத்தான் இருந்தது, வடக்கிலிருந்து. கித்தேரியான் இறங்கிய பிறகு கொண்டலாக மாறிக் கிழக்கிலிருந்து அடித்தது. என் முகத்தில் பட்டது, எனக்குத் தெரிந்தது. நான் அந்தப் பம்பாய் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே முங்குவது பாதுகாப்பானதா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சை முடித்துவிட்டுக் குழாயை மாற்றலாம் என்று இருந்தேன். அன்றைக்குக் கயிறும் என் கையில்தான் இருந்தது. அவன் நாலு தரம் இழுத்தான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் மேலே வந்து உளறியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். புகைவாய்க்கும் குழாய்க்கும் ஒரு முழம் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை நகர்த்தி வைத்தேன்.

கரைக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று வெள்ளத்துரை அண்ணாச்சி கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. மேலே வரும்போது குடித்தவன் மாதிரி இருந்தான் என்றேன். அதிகாரியிடமும் அதையேதான் சொன்னேன். அவர் எழுதி, வாசித்துக் காட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

உங்கள் மேஜைமேல் இருப்பது அந்தக் காகிதம்தான் என்று தெரிகிறது. கீழே இருப்பது என் கையெழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் வாசித்துப் பாருங்கள், ஐயா. நான் 'குடித்தவன் மாதிரி' என்றுதான் சொன்னேன். அந்த 'மாதிரி' என்கிற வார்த்தை அதில் இல்லை. அதை விட்டுவிட்டு எழுதினானே, அவன்தான் இரண்டு பேரையும் கொன்றவன்.