ரப்பர் கொட்டாயில வச்ச சர்வர்

ஏழு மணி தாண்டியிருக்கும். மழை நின்னு போச்சு... ஆனா செம்பனை ஓலையிலேர்ந்து தண்ணி இன்னும் சொட்டிக்கிட்டே இருந்துச்சாம். புக்கிட் ரோத்தான் பெரிய ரோட்டை விட்டு உள்ள திரும்பினா ஒரு செம்மண் ரோடு. ரெண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம். ஒரு விளக்கு கிடையாது. எதிர்ல ஒரு மோட்டர்சைக்கிள் கூட வராது. அந்த ரோடு முடியிற இடத்துல ஒரு பழைய செங்கல் கட்டடம்...

கண்மணி, போனைக் கமுத்தி வை. அந்த வெளிச்சம் வேணாம். ம்... கிட்ட வந்து உக்காருங்க.

பவனேஷ் தெரியும்ல? என்கூட பேக்டரியில வேல செய்யிறான், ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பான். அவனோட அக்கா தனேஸ்வரி. அவங்க வீட்டுக்காரரு திவாகரனுக்கு நடந்தது இது. அவரு ரவாங்ல ஒரு சின்ன கம்பெனியில கம்ப்யூட்டர் ஆளு. தோட்டங்கள்ல கேமரா மாட்டி, அந்தப் படத்தையெல்லாம் சேத்து வைக்கிற சர்வர் செஞ்சு குடுக்கிற கம்பெனி.

சர்வர்ல ஃபைல எழுதி வைக்கிறதுக்குப் பல முறை இருக்காம். ஃபைல் சிஸ்டம்னு சொல்வாங்க. ஒண்ணு வேகமா எழுதும், ஆனா பாதியில கரண்டு போனா எல்லாம் நாசம். இன்னொண்ணு மெதுவா எழுதும், ஆனா தாங்கும். எது நல்லதுன்னு பாக்கணும்னா ஒரே வழிதான். எழுத விடணும்... எழுதிட்டு இருக்கும்போதே கரண்டைப் பட்டுனு புடுங்கணும். திருப்பிப் போடணும். திருப்பிப் புடுங்கணும்.

ஏர்கோன் ரூம்ல வச்சுப் பாத்தா பத்தாது, வெக்கையும் தூசியும் இருக்கிற இடத்துல வச்சுப் பாருங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு. அப்படித்தான் அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தாங்க. முன்ன ரப்பர் தோட்டமா இருந்தப்ப அது ரப்பர் பால் கொண்டாந்து ஊத்துற கொட்டாய். இப்போ உள்ள ஒண்ணும் இல்ல. சிமெண்டுத் தரை. தரையில எதையோ புடுங்கி எடுத்த மாதிரி நாலு துருப்பிடிச்ச போல்ட்டு. அவ்வளவுதான்.

அன்னிக்கு திவாகரன் மட்டும் போய் எல்லாத்தையும் மாட்டினாரு. சர்வர், இன்டர்நெட்டுக்கு ஒரு ரவுட்டர், அப்புறம் கரண்டைத் தானா நிறுத்தித் தானா போடுற ஒரு பெட்டி. கூட வேல செய்யிற சிவநேசன் ரவாங் ஓஃபிஸ்ல உக்காந்து அந்தப் பெட்டிக்கு ஆர்டர் குடுப்பான். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே லைன்தான். அதனால கரண்டு கட் ஆனா சர்வர் மட்டும் இல்ல, தலைக்கு மேல இருக்கிற லைட்டும் போயிடும். முதல் தடவ கரண்டு கட் ஆகுறதை மட்டும் நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்தாரு. அக்கா தோசைக்கு மாவு எடுத்து வச்சிருந்தாங்களாம்.

"ண்ணே, ரெடியா?" சிவநேசன் போன்ல கேட்டான்.

"போடு லா."

கரண்டு போச்சு.

ஊஊன்னு ஓடிட்டிருந்த ஃபேன் இறங்கி... நின்னுச்சு. நல்ல இருட்டு. அப்பதான் அந்த நாத்தம் வந்துச்சாம். புளிச்ச ரப்பர் பால் நாத்தம். அங்க ரப்பர் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு! அப்புறம் ஒரு சத்தம். ஈர சிமெண்டுல வெறுங்காலு வைக்கிற சத்தம். சொத்... சொத்... சொத்...

"யாரு?"ன்னாரு.

பளார்னு காதோட சேத்து ஒரு அறை. சாதாரண அறை இல்ல. அப்படியே தூக்கி செவுத்துல அடிச்ச மாதிரி. போன் கையிலேர்ந்து பறந்து சர்வர் அலமாரிக்கு அடியில போயிடுச்சு.

லைட்டு வந்துச்சு. ஒருத்தரும் இல்ல. காதுலேர்ந்து ரத்தம் சட்டைக் காலர் வரைக்கும் வழியுது. சர்வர் ஒண்ணும் நடக்காத மாதிரி பீப்னு எழுந்திருக்குது.

"டேய், நிறுத்துடா! உள்ள யாரோ இருக்கான்!" அலமாரிக்கு அடியில கெடக்கிற போனைப் பாத்துக் கத்தினாரு. லைன் இன்னும் கட் ஆகல. சிவநேசனுக்கு எல்லாம் கேக்குது. அவன் திருடன்னு நெனச்சான். உடனே நிறுத்தச் சொல்லி ஆர்டர் அனுப்பினான்... போகல.

ஏன் போகலன்னா, கரண்டு போறப்ப அங்க ரவுட்டரும் செத்துப் போகுது. அது எழுந்து சிக்னல் பிடிக்கிறதுக்குள்ள அந்தப் பெட்டி அடுத்த தடவ கரண்டை நிறுத்திடும். ஒரு தடவ ஆரம்பிச்சா ராத்திரி பூரா தானா நடக்கிற மாதிரி செஞ்சு வச்சது அவங்களேதான்.

திவாகரன் கதவுக்கு ஓடினாரு. பக்கவாட்டுல இழுக்கிற இரும்புக் கதவு. காலால செவுத்தை உதைச்சு, ரெண்டு கையாலயும் இழுத்தாரு. அந்தப் பக்கம் யாரோ புடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி... நகரல.

கரண்டு போச்சு.

சொத் சொத் சொத்துன்னு இப்ப ஓடி வருது. தலைமுடியைப் புடிச்சு பின்னால இழுத்துச்சு. தரையில மல்லாக்கப் போட்டு வயித்துல மிதிக்குது. விலாவுல மிதிக்குது. மூச்சு விடுறதுக்கு முன்னால அடுத்த மிதி. வாயில பல்லு ஒடைஞ்சு நாக்குல குத்துது. மூஞ்சிக்கு நேரா மூச்சு படுதாம்... சூடா இல்ல, சில்லுன்னு. போன்ல சிவநேசனுக்கு மாவு மூட்டையைக் கட்டையால அடிக்கிற மாதிரி கேட்டுச்சாம். நடுவுல அவரு "அம்மா, அம்மா"ன்னு...

லைட்டு வந்துச்சு. ஒருத்தரும் இல்ல.

என்னா ஷர்வின்? டோர்ச்சா? அவரு டோர்ச்சு அவரு ஓட்டிட்டு வந்த காடியில, காடி வெளிய. போன் அலமாரிக்கு அடியில, கை எட்டல. சொல்ல விடுறியா?

இந்தப் பக்கம் சிவநேசன் என்ன செஞ்சான்னா, கட்டடத்துச் சாவி வச்சிருந்த சின்னையாவுக்கு ஓஃபிஸ் போன்லேர்ந்து அடிச்சான். சின்னையா செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறவரு, பக்கத்துல வரிசையா வீடு கட்டின தாமான்லதான் குடியிருக்காரு. "அங்கிள், ஓடுங்க, ஆளைக் கொல்றாங்க"ன்னான். அவரு லோரியை எடுத்துட்டாரு. ஆனா மழைக்கு அந்த மண்ணு ரோடு சேறு. டயரு வழுக்குது.

உள்ள திவாகரனுக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சு போச்சு. லைட்டு இருந்தா அடி இல்ல. அப்போ அந்தப் பெட்டியைப் புடுங்கிப் போட்டு வயரை நேரா சேத்துட்டா கரண்டு போகாது. எழுந்திரிக்க முடியல. தவழ்ந்து போறாரு. பெட்டி எதிர்ச் செவுத்துல. நடுவுல அந்த நாலு போல்ட்டு. அதைத் தாண்டி, செவுத்தைப் புடிச்சு எழுந்து, வலது கையைப் பெட்டி மேல வச்சாரு...

கரண்டு போச்சு.

இந்தத் தடவ அடிக்கல. அந்தக் கையைப் புடிச்சுச்சு. புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போயி, போல்ட்டு இருந்த இடத்துல நிறுத்துச்சு. கையை நீட்ட வச்சுச்சு. அங்கதான் ஒண்ணும் கெடையாதே? வெறும் காத்து. அந்தக் காத்துல கடகடகடன்னு என்னவோ சுத்துது. இரும்பு உருளை. ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு. அவரு விரலு அதுக்கு நடுவுல போகுது. நகம்... விரலு... மணிக்கட்டு. மெதுவாத்தான் போச்சாம். எலும்பு ஒவ்வொண்ணா நொறுங்குற சத்தம் சிவநேசனுக்குப் போன்ல கேட்டிருக்கு. அவன் ஓஃபிஸ்ல ஹெட்செட்டைக் கழட்டி வீசிட்டு வாந்தி எடுத்தானாம்.

முழங்கை வரைக்கும் போறப்ப ஜன்னல் வழியா வெளிச்சம் அடிச்சுது. லோரி லைட்டு. ரெண்டு கண்ணையும் கூசுற மாதிரி.

சத்தம் நின்னு போச்சு.

சின்னையா இறங்கி ஓடி வந்து ஒரு கையாலதான் கதவைத் தள்ளினாரு. சர்ருன்னு தொறந்துச்சு. உள்ள திவாகரன் முட்டி போட்டு உக்காந்திருக்காரு. வலது கையை முன்னால நீட்டிக்கிட்டு. அந்தக் கை... துணி மாதிரி தொங்குது. தட்டையா. சின்னையா அவரைத் தோள்ல போட்டுத் தூக்கியாந்து லோரியில ஏத்தினாரு. பின்னால அந்தக் கட்டடத்துல லைட்டு வருது, போகுது... வருது, போகுது.

ஆஸ்பத்திரியில முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க. எந்த மெஷின்ல மாட்டினதுன்னு டாக்டர் கேட்டாரு. வராந்தாவுல சின்னையா பவனேஷ்கிட்ட மட்டும் சொன்னாராம். "அந்த இடத்துல ரப்பரை உருட்டித் தகடாக்குற மெஷின் இருந்துச்சு தம்பி. ஒருத்தன் அதைத் தொடச்சிக்கிட்டு இருக்கும்போது யாரோ சுவிட்சைப் போட்டுட்டாங்க. அவன் செத்தப்புறம் மெஷினைப் புடுங்கிட்டாங்க." அதுக்கு மேல கேக்காதன்னுட்டாரு.

கம்பெனிக்காரங்க அந்த சர்வரைத் திரும்ப எடுக்கப் போகவே இல்ல.

திவாகரன் வீட்டுக்கு வந்துட்டாரு. பேசுறது கொறைஞ்சு போச்சு. சோத்தை அக்காதான் பெசஞ்சு குடுப்பாங்க. சிவநேசன் வாரா வாரம் பழம் வாங்கிட்டு வந்து பாப்பான். கட்டில்கிட்ட உக்காந்து அழுவான். "ண்ணே, நான் நிறுத்தப் பாத்தேண்ணே"ன்னு. அவரு அவனையே பாத்துக்கிட்டு இருப்பாரு.

போன மாசம் பெரிய மழை அடிச்சுச்சே, இடி விழுந்து ரவாங் பூரா கரண்டு போச்சே... அன்னிக்கு அக்கா அடுப்படியில இருந்தாங்க. லைட்டு போனதும் அவங்களுக்கு உயிரே போயிடுச்சு. ஐயோ, மறுபடியும் அடிக்குமேன்னு ரூமுக்கு ஓடி, இருட்டுல அவரு மேல கவுந்து படுத்துக்கிட்டாங்க. அடி விழுந்தா என் மேல விழட்டும்னு.

ஒண்ணும் நடக்கல. மழை சத்தம் மட்டும்.

திவாகரன் அவங்க முதுகைத் தட்டிக் குடுத்தாரு. ரொம்ப நாளைக்கப்புறம் தெளிவாப் பேசினாரு.

"பயப்படாத, தனேஸ். இங்க வர மாட்டான்."

"யாருங்க?"

"அவன் என்னை அடிச்சது கோவத்துல இல்ல. கேட்டுக்கிட்டேதான் அடிச்சான். சுவிட்சைப் போட்டது யாரு, சுவிட்சைப் போட்டது யாருன்னு... கை உள்ள போறப்ப என்னால தாங்க முடியல." வெட்டின கையோட முனையைத் தடவினாரு. "சொல்லிட்டேன். பேரு, வீடு, எல்லாம் சொல்லிட்டேன்."

அக்கா எப்படி எழுந்தாங்க, எப்படிப் போனைத் தேடினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. சிவநேசன் நம்பரைப் போட்டாங்க. அவன் வீடு புக்கிட் பெருந்துங்ல. தனியாத்தான் இருந்தான். ரிங் போகுது... போகுது... எடுத்துட்டான்.

"அண்ணி? உங்க வீட்லயும் கரண்டு இல்லையா? இங்கயும் இப்பதான் போச்சு. ஒரு நிமிஷம் இருங்கண்ணி, யாரோ கதவைத் தட்டுறாங்க..."

"தொறக்காத! சிவா, தொறக்காத!"ன்னு அக்கா கத்துறாங்க.

அதுக்குள்ள அவன் போனை மேசை மேல வச்சுட்டான்.