ஜெனரேட்டரில் சேராத பச்சை விளக்குகள்

காலையில் ஆறுமுகநேரியில் தூத்துக்குடி பேருந்து ஏறினேன். நின்றவர்கள் பதினெட்டு பேர். முன் இருக்கையில் மடியில் கருவிப் பையோடு இருந்த எலெக்ட்ரீசியன், மாற்றுத்துணியும் பிளாஸ்குமாக அருகே இருந்த அக்காள் கணவரிடம் சொன்னான்:

“அத்தான், அக்காவ அந்த ஆபரேசன் தியேட்டர்ல படுக்க விடாதிய.”

“ஏம்ல? நீ லைட்டு மாட்டுன தியேட்டர்தான? ஊரெல்லாம் பீத்துனியே.”

“இப்பதான ஆஸ்பத்திரி பேரையே சொல்லுதிய. டாக்டர் வயித்துக்குள்ள கேமரா விட்டு டிவியப் பாத்து ஆபரேசன் பண்ணும்போது கண்ணு கூசக்கூடாதுன்னு பெரிய லைட்ட அணைச்சிருவாவ. சுத்தி பச்சை லைட்டு மட்டும் எரியும். அத நான் ஜெனரேட்டர் லைன்ல குடுக்கல.”

“கரண்டு போனா?”

“ஜெனரேட்டர்ல ஓடுத டிவி வெளிச்சந்தான். பெரிய லைட்டு சுவிட்ச இருட்டுல தடவணும். மயக்க மருந்து குடுக்கவருக்கு ஊசி கண்ணுக்குத் தெரியாது.”

“ஏம்ல குடுக்கல?”

“திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சிட்டாவ. பொறவு மாத்திக்கிடலாம்னு விட்டேன். மறந்துட்டேன் அத்தான்.”

அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்த மகளுக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

“உள்ள கொண்டு போயி அரை மணி நேரம் ஆச்சாம்.”

பேருந்து தூத்துக்குடிக்குள் நுழைந்தபோது கடை வாசல்களில் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.